அம்மாவின் மூன்று தலைவலிகள்

மாத்திரை டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற என் வயசுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். சின்னஞ்சிறுசுகளுக்கு இதைக் கேட்க நேரமில்லை. கேட்க உட்கார்ந்தாலும் பாதியில் செல்போன் அடித்து எழுந்து போய்விடும். நீங்கள்தான் என்னைப் போல எங்கேயும் எழுந்து போக முடியாதவர்கள். அதனால் கேளுங்கள்.

போன மாதம் என்னை அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். என் பேத்தி வயசுதான் இருக்கும். தலை வலிக்கிறது என்றேன். உடனே மாத்திரை எழுதித் தந்து அனுப்பிவிடுவாள் என்று பார்த்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். இடிக்கிற மாதிரி வலிக்கிறதா, இறுக்குகிற மாதிரி வலிக்கிறதா? ஒரு பக்கமா, சுற்றியுமா? வாந்தி வருகிறதா, கண் மங்குகிறதா? மனசில் ஏதாவது கவலை இருக்கிறதா? எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி தாங்காமல் அழுகிறேன் என்று மருமகள் பதறிப்போனாள். வலியாவது மண்ணாவது! அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். என் தலைக்கு இல்லை, அம்மாவின் தலைக்கு. அன்றைக்கு என்னைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவில், நாற்பது வீடு. பாதி வேதக்கார வீடுகள். ஓலை வேய்ந்த கோயில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதில் ஆராதனை, மற்ற நாளெல்லாம் அதுவே பள்ளிக்கூடம். இரண்டுக்கும் ஒரே ஆள்தான், உபதேசியார். ஊரில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவர் அவர் ஒருவர். பொய் சொல்லமாட்டார். விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார். அதனால் அவரைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பயம்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரிலிருந்து நாலு பேர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருவர் என் அய்யா. பர்மாப் பக்கம் இருக்கிறார் என்று சொல்வார்கள். பர்மா எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கமுதிக்கு அங்கிட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் லீவில் வந்தவர் பத்து நாள் இருந்தார். அம்மாவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாளத்துக் கம்பளி கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊர் வெயிலில் கம்பளியை வைத்து என்ன செய்ய என்று பெரியம்மா கேலி செய்தாள். அய்யா போன பிறகு, எனக்கு அடுத்து ஒன்பது வருஷம் கழித்து, அம்மா உண்டாகியிருந்தாள்.

நாங்களும் பெரியப்பாவும் ஒரே வளவுக்குள் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். பெரியப்பா அய்யாவுக்கு அண்ணன். அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: புருஷனுடைய அண்ணனிடம் தம்பி பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசமாட்டாள். பெரியப்பா வளவுக்குள் வருகிற செருமல் கேட்டால் அம்மா கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவரும் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் வாயால்தான் சொல்ல வேண்டும். "பெரியப்பாகிட்டக் கேளு பாப்பா, இன்னுங் கொஞ்சம் கூழு ஊத்தவான்னு." மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது காதில் விழாமலா இருக்கும்? ஆனாலும் நான் போய்ச் சொல்லும்வரை கேட்காத மாதிரியே உட்கார்ந்திருப்பார். நான் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டுவார்.

எனக்கு அதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை! அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், முன்னே பின்னே மாற்றமாட்டேன். போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். இந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் தபாலில் போட்ட மாதிரி என்று பெரியப்பாவே ஒருநாள் சொன்னார். அதை நான் ரொம்ப நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அம்மாவுக்கு முதல் தலைவலி, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே உண்டு. ஊரில் அதை ஒத்தத் தலைவலி என்பார்கள். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும். இடது பக்கம் மட்டும் இடிக்கும். வெளிச்சம் ஆகாது, அடுப்புப் புகை ஆகாது, ஆட்டுப்புழுக்கை நாற்றம்கூட ஆகாது. அய்யாவின் கம்பளி வந்த பிறகு நான் அதை வாசலில் தொங்கவிட்டு வீட்டை இருட்டாக்குவேன். பெரியம்மா எட்டிப் பார்த்து, மகாராணிக்கு இன்றைக்கு லீவா என்பாள். மத்தியானம் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினாள் என்றால் மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போய்விடுவாள். வருவது தெரியும், போவது தெரியும். அதனால் அந்த வலிக்கு நாங்கள் யாரும் பயந்ததில்லை.

அதற்கு மருந்து சுக்குப் பத்துதான். வீட்டில் மருந்து உரைக்கிற கல் ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம், நடுவில் குழி விழுந்த கறுப்புக் கல். சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுக்கை உரைப்பது என் வேலை. அந்த நெடி மூக்கில் ஏறி எனக்கும் கண் கலங்கும். பிறகு அடுப்பில் லேசாகச் சூடு காட்டி அம்மாவின் நெற்றியில் இழுத்துவிடுவேன். காய்ந்ததும் அது வெடித்து உதிரும். அந்தக் கல் எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறினபோது யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எத்தனையோ பாத்திரம் பண்டம் போயிருக்கிறது, அதையெல்லாம் நான் தேடினதில்லை. இந்தக் கல்லை மட்டும் இன்னும் தேடுகிறேன்.

தை மாதம் ஒருநாள் காலையில் நாங்கள் சிலேட்டில் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. தபால்காரர் வீட்டுக்கு வந்த நேரத்தில் அம்மா பருத்திக் காட்டில் இருந்ததால் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது தந்தி. அந்தக் காலத்தில் தந்தி என்றாலே படிக்க வேண்டியதில்லை. உபதேசியார் அதைப் படித்தார். பிள்ளைகளை எல்லாம் வெளியே போகச் சொன்னார். நான் முன்வரிசையில் இருந்தவள், சிலேட்டு துடைக்கிற துணியைத் தேடிக்கொண்டு பின்தங்கிவிட்டேன். பெரியப்பா மண்தரையில் அப்படியே உட்கார்ந்தார். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அய்யாவின் பெயரைச் சொல்லி அழுதார். எனக்குப் புரிந்துவிட்டது.

நான் நிற்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள். பெரியப்பா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "வயித்துப்பிள்ளக்காரி காதுல இது விழுகக் கூடாது தாயி. விழுந்துச்சுன்னா ரெண்டு உசுரும் போயிரும். பிள்ள பெறட்டும், அப்பறம் நாங்க சொல்லிக்கிருதோம்." உபதேசியார் வேதப்புத்தகத்தை எடுத்து என் கையை அதன்மேல் வைக்கச் சொன்னார். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என்னை அழக்கூட விடவில்லை. அழுத முகத்தோடு வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள் அல்லவா? கிணற்றடியில் முகம் கழுவி, கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்திவைத்துக் காயவைத்து அனுப்பினார்கள்.

இதை அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதுதான் ஊர் வழக்கம். பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுச் சேதி சொல்லக்கூடாது. ஊர் முழுக்க அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது, அம்மா ஒருத்தியைத் தவிர. நாற்பது வீடும் வாயைக் கட்டிக்கொண்டது. பெரியம்மா காட்டில் போய் அழுதுவிட்டு வந்து, பருத்தித் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்பாள். தபால் வந்ததா என்று உபதேசியாரிடம் கேட்டுவரச் சொல்லி அம்மா என்னை அனுப்புவாள். கர்த்தருக்குச் சித்தமானதெல்லாம் நடக்கும் என்று சொல் என்பார் அவர். அது பொய் இல்லை பாருங்கள். கப்பல் வரவில்லை, அதனால் தபால் இல்லை என்று பெரியப்பா தன் பங்குக்குச் சொல்லிவைத்தார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபம் சீக்கிரமாக முடிந்தது. மற்ற வாரங்களில் பட்டாளத்துக்குப் போன நாலு பேரையும் பெயர் சொல்லி, அவரவர் வீட்டையும் சொல்லி உபதேசியார் நீட்டி ஜெபிப்பார். முழங்காலில் நிற்கிற எங்களுக்குக் கால் மரத்துப்போகும். அன்று, யுத்தகளத்தில் இருக்கிற பிள்ளைகளைக் காத்தருளும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் சந்தோஷமாக எழுந்து வெளியே ஓடினோம்.

அன்று பொழுது சாயும்போது அம்மாவுக்குத் தலை வலித்தது. நான் சுக்கை எடுத்தேன். இது எந்தப் பக்கம் என்று கேட்டேன். பக்கமெல்லாம் இல்லை, கயிற்றைப் போட்டுச் சுற்றி இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். இதுதான் இரண்டாவது தலைவலி. இதில் வாந்தி இல்லை, வெளிச்சத்தோடு சண்டை இல்லை. காலையில் லேசாக இருக்கும். பொழுது ஏற ஏறப் பிடரியிலிருந்து கிளம்பி நெற்றி வரைக்கும் வளையம் போடும். பழைய சேலையில் ஒரு கிழிசலைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வாள். படுக்கமாட்டாள். நான் பிடரியைப் பிடித்துவிடுவேன். கழுத்து நரம்பெல்லாம் காய்ந்த கரிசல் கட்டி மாதிரி என் விரலுக்குத் தட்டும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும்.

ஊரே கூடி வைத்தியம் பார்த்தது. வெயில் என்றார்கள், சூடு என்றார்கள், முடி கனக்கிறது என்றார்கள். பெரியம்மா அரிவாள்மணையில் வைத்து அம்மாவின் முடியில் ஒரு முழம் அறுத்தாள். பெரியப்பா நரிக்குடி போய் ஏதோ மூலிகை வாங்கிவந்து புகை போடச் சொன்னார். மருத்துவச்சி நல்லெண்ணெயும் மிளகும் காய்ச்சித் தந்தாள். ஆனால் வெளியே வந்ததும் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: புருஷன் நினைப்பு, தபால் வராத கவலை, அதுதான் தலையைப் பிடிக்கிறது, பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும். படிக்காத ஜனங்களுக்கு மனக்கவலையால் தலை வலிக்கும் என்று எங்கே தெரியும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நன்றாகத் தெரியும். அது ஒன்று மட்டும் தெரியும் என்பதுதான் வினையாகப் போயிற்று.

எனக்கும் தலை வலிக்க ஆரம்பித்தது. அம்மா எதிரில் உட்கார்ந்தால் சத்தியம் செய்த கை கனக்கிற மாதிரி இருக்கும். பிறகு நெற்றி இறுகும். ஒருநாள் வேதவசனம் ஒப்பிக்கும்போது வாந்தி எடுத்துவிட்டேன். அம்மா எனக்கும் சுக்கு உரைத்துப் பத்துப் போட்டாள். நான் அவளுக்குப் போட்டேன். இரண்டு பேரும் நெற்றியில் பத்தோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பெரியம்மா சிரித்துவிட்டாள். சிரித்தவள் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. நானும் அப்படித்தான்.

பங்குனியில் அம்மாவுக்குக் கால் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கும்தான், ஆனால் இது கையும் வீங்கியது, முகமும் உப்பியது. கண்ணாடி வளையல் மணிக்கட்டில் அழுந்திக்கொண்டு சுழலவில்லை. காலை அமுக்கினால் என் பெருவிரல் குழி அப்படியே நிற்கும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. குழி மறைவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று எண்ணுவேன். மருத்துவச்சி பார்த்துவிட்டு, முகம் இப்படி உப்பினால் ஆம்பளைப் பிள்ளைதான் என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம். போனவனே திரும்பி வரப்போகிறான் என்று பெரியம்மா அடுத்த வீட்டுக்காரியிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்திலிருந்து கூழ் குடிக்க வந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை வலிக்கிறதா, பத்துப் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். என்னை நேராகப் பார்க்காமல் எனக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி பார்த்தாள்.

"பாப்பா, கிட்ட வா. நல்லாக் கேட்டுக்க. உங்கய்யா இல்லங்கிறது எனக்குத் தெரியும்."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்லல, பயப்படாத. உபதேசியாரு நாலு பேரு பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுததை நிப்பாட்டுனாருல்ல? அன்னைக்கே தெரியும். செத்தவுகளுக்கு அவரு ஜெபம் பண்ணமாட்டாரு. ஒருத்தர விட்டுட்டு மூணு பேரச் சொல்லவும் அவருக்கு வாய் வரல. மத்த மூணு வீட்டுப் பொம்பளைகளும் என்னயத்தான் பாத்தாளுக."

எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் கிடையாது. உயிரோடு இருக்கிற மாதிரி அய்யா பெயரைச் சொன்னால் அது கர்த்தருக்கு முன்னால் பொய். அந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டாமல் பெயர்களையே விட்டுவிட்டார். ஊரே வாயைக் கட்டிக் காத்த ரகசியத்தை அம்மா முதல் ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்துவிட்டாள். பிறகு எங்களுக்காக அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள். இரண்டரை மாதம்!

அம்மா கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

"அந்த வலிய வச்சுக்கிட்டேதான் தண்ணி எடுத்தேன், பருத்தி எடுத்தேன். அது எனக்குத் தெரிஞ்ச வலி. இது அது இல்ல பாப்பா, இது வேற. கண்ணுக்குள்ள பொறி பொறியாப் பறக்குது. நீ ரெண்டாத் தெரியுற. நெஞ்சுக்குழியப் பிடிச்சு இழுக்குது. பெரியப்பாகிட்டப் போயி வண்டி கட்டச் சொல்லு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே போகணும்னு சொல்லு."

அம்மா எதையும் இப்பவே என்று கேட்டவள் இல்லை. நான் ஓடினேன். செருப்பு இல்லை, பங்குனி வெயிலில் கரிசல் கொதிக்கிறது, அறுத்த பருத்திமாரின் கட்டைகள் காலில் குத்துகின்றன. ஓடும்போதும் வழக்கம்போல அம்மா சொன்னதை வரிசையாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன். ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது. பெரியப்பா, பெரியம்மா, இன்னும் ஏழெட்டுப் பொம்பளைகள் காட்டில் கடைசிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். போய் மூச்சு வாங்க நின்றேன். அம்மா சொன்ன வரிசையிலேயே ஆரம்பித்தேன்.

"அம்மா சொல்லச் சொன்னா. உங்கய்யா இல்லங்கிறது எனக்குத் தெரியும்னு."

அதற்கு மேல் என்னைச் சொல்ல விடவில்லை. பெரியம்மா மடியிலிருந்த பருத்தி அத்தனையும் கீழே கொட்டியது. மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இரண்டரை மாதமாக அடக்கிவைத்த அழுகை அது, ஒருத்திக்கு ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். பெரியப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். "நீ சொன்னியா?" நான் இல்லை என்றேன். ஓங்கிய கையை அப்படியே தன் தலையில் வைத்துக்கொண்டார். நான் மீதியைச் சொன்னேன். தலைவலி வேறே, வண்டி கட்ட வேண்டுமாம், இப்பவேயாம் என்று எல்லாம் சொன்னேன். யார் காதில் விழும்? அவர்கள் எல்லோரும் அதற்குள் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீடு நிறையப் பொம்பளைகள். அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முடியை அவிழ்த்துவிட்டு அழுதார்கள். அம்மா கையைத் தூக்கித் தூக்கி ஏதோ சொன்னாள். அவள் வாய் அசைவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. வண்டி என்றுதான் சொன்னாள். அழு, வாய்விட்டு அழுதால் தலைவலி போய்விடும் என்று ஒருத்தி அவள் முதுகைத் தட்டினாள். உபதேசியார் வந்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அய்யாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அவருடைய வாழ்வுக்காக நன்றி செலுத்தி நீளமாக ஜெபித்தார். 

பெரியப்பா வழக்கப்படி வாசலுக்கு வெளியே, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி ஒரு தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். நான் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அம்மா வண்டி கட்டச் சொல்கிறாள் என்றேன்.

"இனி வண்டி கட்டி எங்க தாயி போயிப் பாக்க? அவன் எந்தக் காட்டுல கெடக்கானோ."

"ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பா. அம்மாவுக்குத் தல வலிக்குதாம்."

"வலிக்கத்தான தாயி செய்யும்" என்று என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார். அதுவரை அவர் என்னைத் தூக்கினதே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, கால் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டு அவர் தோளில் கிடந்தேன். எனக்கு வேறு எந்தச் சொல்லும் தெரியவில்லை. இருந்த சொல்லையெல்லாம் சொல்லிவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசல் நிழல் சுவரிலிருந்து இறங்கி நடு வளவுக்கு வந்திருந்தது. உள்ளே அழுகைச் சத்தம் சட்டென்று வேறு மாதிரியானது. அம்மாவுக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சாவியைக் கையில் கொடு, இரும்பைக் கொடு என்று கத்தினார்கள். இரண்டாம் தடவை இழுத்த பிறகு மருத்துவச்சிதான் வண்டி கட்டுங்கள் என்று சொன்னாள். அப்போதுதான் கட்டினார்கள். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் அந்தக் கம்பளியை விரித்து அம்மாவைப் படுக்கவைத்தார்கள். பெரியம்மாவும் மருத்துவச்சியும் ஏறினார்கள். நானும் ஏறப்போனேன், பிள்ளை எதற்கு என்று இறக்கிவிட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டிருக்கிறாள்: எத்தனை நாளாய் வீக்கம், தலைவலி எப்படி இருந்தது, கண் மங்கினதா என்று. புருஷன் செத்த சேதியைக் கேட்டுவிட்டாள் என்றாளாம் பெரியம்மா. அது சரி, தலைவலி எப்படி இருந்தது என்று நர்சம்மா மறுபடியும் கேட்டாளாம். பெரியம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவள் ஊரில் வளவு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அங்கே அவர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். தம்பியை உயிரோடு எடுத்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு நினைவு திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். கம்பளியும் திரும்பி வரவில்லை.

எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து என் காலைப் பெருவிரலால் அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்த்தாள்.  நான் எண்ணி விளையாடின குழி அல்லவா அது? எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சில பேருக்கு வயிற்றுப்பிள்ளையோடு இரத்தக்கொதிப்பு ஏறும், அந்தத் தலைவலிக்கும் மனக்கவலைத் தலைவலிக்கும் சம்பந்தமில்லை என்றாள். உடனே வண்டி கட்டியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அதற்குப் பெரிதாக மருந்து ஒன்றும் இல்லை, சொல்ல முடியாது என்றாள். பிழைத்திருக்கமாட்டாள் என்று சொல்லியிருந்தாலும் ஆறிப்போயிருக்கும். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஊர் அதற்கு ஒரு கதை கட்டிக்கொண்டது. புருஷன் செத்தான் என்று கேட்ட மாத்திரத்தில் உயிரை விட்ட உத்தமி என்று. கலியாண வீடுகளில் புதுப் பெண்ணுக்குச் சொல்வார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பிடரி இறுகும், எழுந்து வெளியே போய்விடுவேன். தம்பியைப் பெரியம்மாதான் வளர்த்தாள். அந்தக் கதையைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தாள். எங்கம்மா அப்பேர்ப்பட்டவள் என்று அவன் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். அதை எப்படிக் கெடுப்பேன்? இத்தனை வருஷமாக அவனிடம் சொல்லவில்லை. வேதப்புத்தகத்தின் மேல் வைத்த கையை இன்னும் எடுக்காத மாதிரிதான் இருந்தேன்.

போன மாதம் அந்த அருப்புக்கோட்டை டாக்டரம்மா மனசில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று கேட்டாள் அல்லவா, அடுத்த வாரமே தம்பி வீட்டுக்குப் போனேன். அவனுக்கும் எழுபது தாண்டிவிட்டது, காது மந்தம். கிட்டத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை வரிசையை மாற்றினேன். அம்மா வண்டி கேட்டதை முதலில் சொன்னேன்.

அவன் மடியில் கிடந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். பிறகு கேட்டான்.

"அப்ப நம்ம வீட்ல வண்டி இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சுய்யா. வளவுக்குள்ள வேப்பமரத்தடியிலதான் நின்னுச்சு."

"மாடு?"

"மாடும் அங்ஙனதான் இருந்துச்சு. ரெண்டும் நெழல்ல படுத்து அச போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு."